யாரோ திறந்த கதவு

ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு பல்லக்காவின் கைவேலை. பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் உட்கார்ந்து, பிளாஸ்டர் அச்சின்மேல் மெழுகை உருக்கி வைத்து, ஒவ்வொரு பல்லாக அடுக்கிப் பல் செட் செய்கிறவள் அவள். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி. ஊருக்கு அவள் பல்லக்காதான்.

அப்படிப்பட்டவள் ஒரு சரித்திர நாவல் எழுதத் தொடங்கியதற்கு, நூலகத்தில் கிடைத்த ஒரு புத்தகம்தான் காரணம். ஊர் வரலாறு என்று மேலட்டையில் போட்டிருந்தது. அதில், பழைய கோட்டைச் சுவர் இடிந்து நிற்கும் கோட்டை மேட்டைப் பற்றித் தேடிப்பார்த்தாள். கோட்டையை யார் கட்டினார்கள், சுவர் எவ்வளவு அகலம், வரி எப்படி வசூலித்தார்கள் என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. கோட்டை விழுந்த கதைக்கு மட்டும் இரண்டே வரி. "முற்றுகை நீடித்தது. இறுதியில் உள்ளிருந்து யாரோ கதவைத் திறந்துவிட்டதாகச் சொல்வர்." அவ்வளவுதான். அடுத்த வரியில் மறுபடியும் வரி வசூல் வந்துவிட்டது.

பல்லக்காவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நெல்லுக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு என்று பிட்டுப் பிட்டு வைத்த மனுஷனுக்கு, கதவைத் திறந்தது யார் என்று விசாரிக்கத் தோன்றவில்லையா? அந்த யாரோவுக்கு ஒரு வீடு இருந்திருக்காதா, சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் இருந்திருக்க மாட்டாரா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புத்தகம் எழுதியவரோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். சோறு வடிக்கும்போதும் சண்டை ஓயவில்லை. சரி, அவர் விசாரிக்காவிட்டால் நாமே விசாரிப்போம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கண்டுபிடித்தது ஒரு தண்ணீர்க்காரியை. கோட்டைக்குள் வீடு வீடாகத் தண்ணீர் சுமந்து ஊற்றிப் பிழைப்பவள். முற்றுகையில் குளம் வற்றிவிடுகிறது. மிச்சமிருக்கும் ஒரே கிணற்றைத் தளபதி பூட்டி வைக்கிறான். அது படைக்கு மட்டும். குழந்தைகளின் உதடு வெடித்துக் கிடக்கிறது. மேற்குச் சுவரில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு திட்டிவாசல் உண்டு. பெரிய கதவைத் திறக்காமல் ஒருவர் இருவர் போய்வருவதற்கான சின்ன வாசல். அந்த வழியாக ஆற்றுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்துவிடலாம் என்று தண்ணீர்க்காரி விடியற்காலையில் அதன் தாழைத் தூக்குகிறாள். தண்ணீருக்காகத் திறந்த வாசலில் படை நுழைந்துவிடுகிறது.

திட்டிவாசல் பல்லக்காவின் கற்பனை. மேற்குச் சுவரில் அப்படி எதுவும் கிடையாது. மழைநீர் வெளியேறுகிற ஓட்டை ஒன்றுதான் இருந்தது. நாவல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு வாசல் வைத்துக்கொண்டாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஆய்வக மேஜையில் கொஞ்சம், காலையில் அடுப்பு வேலை முடிந்து கொஞ்சம் என்று காதும் காதும் வைத்தாற்போல் எழுதிக்கொண்டிருந்தாள். கெடுத்தது வீட்டுக்காரர். அவர் பைக் மெக்கானிக். வண்டி விட வருகிறவர்கள் எல்லோரும் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுத்தான் போவார்கள். மனைவி எழுதிய இரண்டு அத்தியாயங்களை எடுத்துப்போய், கிரீஸ் கையோடு அவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டார்.

"உங்கள யாரு எடுத்துட்டுப் போகச் சொன்னா?" என்று கறை படிந்த தாள்களைப் பிடுங்கிக்கொண்டு கேட்டாள்.

"பெருமையா இருந்துச்சு, காட்டினேன். எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. ஆனா ஒரு சண்டைக் காட்சி முன்னாடியே வந்தா நல்லா இருக்கும்னு அபிப்பிராயப்பட்டாங்க."

"யாரு?"

"பஞ்சர் ஒட்ட வந்தவரு."

அன்றிலிருந்து தொடங்கியது தலைவலி. மறுநாளே டாக்டர், நோயாளியை நாற்காலியில் வாயைப் பிளந்தபடி விட்டுவிட்டுப் பின்னறைக்கு வந்தார். "கோட்டைக்குள்ள வைத்தியர் யாராச்சும் இருந்திருப்பாங்கல்ல? எங்க தாத்தாவோட தாத்தா எல்லாம் வைத்தியம் பாத்தவங்கதான். சும்மா சொன்னேன். உங்க இஷ்டம்" என்றார். சம்பளம் தருகிறவர் உங்க இஷ்டம் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஒரு வைத்தியரைச் சேர்த்தாள். டாக்டர் அதைப் படித்துவிட்டு, வைத்தியருக்கு ஒரு குதிரை இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். முற்றுகையில் மனிதர்களுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது குதிரைக்கு எங்கே போவது? ஆனாலும் குதிரை வந்தது.

பக்கத்து வீட்டில் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஹிஸ்டரி சார் இருந்தார். மாடியில் துணி காயப்போடப் போனால் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றுகொண்டிருப்பார்.

"முதல் அத்தியாயத்துல மிளகாய் அரைக்கிறாங்களாமே? மெக்கானிக் படிச்சப்ப கேட்டேன். மிளகாய் அப்போ இந்தப் பக்கமே வரலம்மா."

மிளகாயை எடுத்துவிட்டு மிளகு போட்டாள்.

"ஒரு நிமிடம் திகைத்தாள்னு எழுதியிருக்க. நிமிஷம் ஏது அப்போ?"

நிமிடத்தை எடுத்தாள்.

"தளபதி ஜன்னல் கண்ணாடி வழியா பாக்கறானே..."

ஈரத்துணியைப் பொத்தென்று வாளியில் போட்டாள் பல்லக்கா. "சார், காத்தாவது இருந்துச்சா அப்போ? இல்ல, அதையும் எடுத்துடவா?"

சார் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்துவிட்டு, "காத்து இருந்திருக்கும்" என்றார்.

இதெல்லாம் போதாதென்று நாத்தனார். வீட்டுக்காரருக்கு அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றாள்.

"ஏம்மா, நான் எப்ப அரிசிய ஒளிச்சு வெச்சேன்?"

பல்லக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "என்ன அண்ணி சொல்றீங்க?"

"தளபதியோட அக்கா ஒருத்தி வர்றாளாமே. இடுப்புல சாவிக்கொத்து. ஊரே பட்டினி கிடக்கும்போது அரிசிய மூட்டையா ஒளிச்சு வெக்கிறாளாம். கடையில எல்லாரும் சிரிச்சாங்களாம். சாவிய இடுப்புல சொருகறது இந்தக் குடும்பத்துல யாரு? நீயா சொருகற?"

"அண்ணி, அவ வேற. அது எப்பவோ நடந்த கதை."

"எப்பவோ நடந்ததுல என் சாவி எப்படிப் போச்சு?"

நாத்தனாரை நினைத்துப் பல்லக்கா எழுதவில்லைதான். ஆனால் அந்தச் சாவிக்கொத்து எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால், வேறு எங்கிருந்தும் வந்திருக்க வழியில்லை. வீட்டுக்காரர் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு, அவசரமாக ஏதோ வண்டி பார்க்கப் போய்விட்டார்.

இப்படி ஆளுக்கு ஒரு கை போட்டதில் நாவல் ஊதிப் பெருத்தது. வைத்தியரும் குதிரையும் வந்தாயிற்று. வண்டி விட வருகிறவர்களுக்காக ஒரு வாள் சண்டை. தங்கை வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதற்காக ஒரு காதல். தண்ணீர்க்காரி குடத்தை எடுப்பதற்குள் படிக்கிறவன் தூங்கிவிடுவான். பல்லக்கா தலையில் அடித்துக்கொண்டு, ஆனாலும் எழுதி முடித்தாள்.

முடித்த கையோடு ஊர் நலச் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. ஊரின் ஆண்டு விழாவுக்குச் சங்கமே நாவலை அச்சிட்டுத் தரப்போகிறதாம். சங்கத் தலைவருக்கு நாற்காலி, சோபா விற்கும் கடை. அதன் மாடியில்தான் கூட்டம். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களில் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள்; அசையும்போதெல்லாம் மொறமொறவென்று சத்தம். தலைவர் போட்டிருந்தது பல்லக்கா செய்த மேல்வரிசை. முன்பல் இரண்டையும் துளி சாய்த்து, பார்த்தால் சொந்தப் பல் என்று தோன்றும்படி பார்த்துப் பார்த்துச் செய்தது. அந்தப் பற்களாலேயே அவர் பேசினார்.

"கதை பிரமாதம். ஒரே ஒரு மாத்தம்தான். கதவத் தொறக்கறது நம்ம ஊர்ப் பொண்ணா இருக்க வேண்டாம். வெளியூர் ஆளா போட்டுடுங்க."

"எதுக்குங்க?"

"நம்ம ஊர்க்காரி நம்ம கோட்டையக் காட்டிக்கொடுத்தாள்னு நாமளே அச்சடிச்சுக் குடுக்கணுமா?"

"அவ காட்டிக்கொடுக்கலீங்க. தண்ணி எடுக்கப் போனா."

"எதுக்குப் போனாலும் கதவு தொறந்துச்சுல்ல?"

"வெளியூர்க்காரனுக்குத் திட்டிவாசல் எங்க இருக்குன்னு எப்படிங்க தெரியும்? உள்ளேயே பொழங்கினவங்களுக்குத்தானே தெரியும்?"

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். ஓர் உறுப்பினர், "முன்னாடியே வந்து பாத்துட்டுப் போயிருப்பான்னு எழுதுங்க" என்றார். எல்லா சோபாக்களும் ஆமாம் என்பதுபோல் மொறமொறத்தன.

வீட்டுக்கு வந்தவள் முயன்று பார்க்காமல் இல்லை. புத்தகம் அச்சாகும் ஆசை யாரை விட்டது? கன்னத்தில் மச்சம் வைத்த ஓர் ஒற்றனைக் கோட்டைக்குள் அனுப்பினாள். அவன் சந்தைக்குள் நின்று, திட்டிவாசலுக்கு எப்படிப் போக வேண்டும் என்று ஒரு பாட்டியிடம் வழி கேட்டான். எழுதியதைப் படித்தபோது பல்லக்காவுக்கு அழுகை வந்தது. இரண்டே வரியில் யாரோ என்று எழுதிவிட்டுப் போன அந்தப் புத்தகக்காரர் எவ்வளவோ மேல். அவர் தெரியாது என்றாவது ஒப்புக்கொண்டார். இவள் தெரிந்தே ஒருத்தியை வெளியே தள்ளுகிறாள்.

ஒற்றன் எழுதிய தாளைக் கிழித்தாள். கிழிக்கத் தொடங்கிய கை நிற்கவில்லை. வைத்தியர் போனார், குதிரை போயிற்று, வாள் சண்டை போயிற்று, காதல் போயிற்று. வம்பே வேண்டாம் என்று சாவிக்கொத்தோடு தளபதியின் அக்காவும் போனாள். மிச்சமிருந்தது தண்ணீர்க்காரியும் பூட்டிய கிணறும்தான். சங்கத்துக்கு ஆள் அனுப்பி, கதை தரப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

சுருங்கிய நாவலை ஹிஸ்டரி சார் கேட்டு வாங்கிப் படித்தார். மாடியில் அவர் நிற்பதைப் பார்த்ததுமே பல்லக்கா, "சொல்லுங்க சார், என்ன இல்ல அப்போ?" என்றாள்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணே ஒண்ணு. குடத்த இடுப்புல வெச்சுக்கிட்டு அந்தச் சின்ன வாசல்ல அவ குனிஞ்சு போக முடியாது. இடிக்கும். முதல்ல குடத்த வெளிய வெச்சுட்டுத்தான் அவ போகணும்."

இதற்கும் ஒரு குறையா என்று சள்ளென்று விழப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். துணியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள். அன்றைக்குத்தான் அந்தக் காட்சி சரியாக வந்தது. இருட்டு முற்றிலும் விலகவில்லை. தண்ணீர்க்காரி தாழைத் தூக்கி, காலிக் குடத்தை முதலில் வெளியே நீட்டுகிறாள். தரையில் வைக்கக் கையைத் தாழ்த்துகிறாள். வெளியிலிருந்து வேறொரு கை குடத்தை வாங்கிக்கொள்கிறது.

அதை எழுதிவிட்டு மாடிக்குப் போய், போட்டுவிட்டு வந்த துணியைக் காயப்போட்டாள். சார் இத்தனை நாள் உயிரை வாங்கியதை இந்த ஒன்றுக்காக மன்னித்துவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் அவர் காற்புள்ளிகளைப் பற்றிப் பேச வந்தபோது அந்த எண்ணம் போய்விட்டது.

வேறு ஊர்ப் பதிப்பகம் ஒன்று நாவலை வெளியிட்டது. இனியாவது நிம்மதி என்று நினைத்தாள். டாக்டர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, "வைத்தியரக் காணோமே?" என்று கேட்டுவிட்டு அன்று முழுவதும் உர்ரென்று இருந்தார். நாத்தனார் ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு நேரே வந்தாள்.

"அந்த அக்காக்காரியக் காணோம்? எடுத்துட்டியா?"

"நீங்கதானே அண்ணி கோவிச்சுக்கிட்டீங்க?"

"கோவிச்சுக்கிட்டா மாத்தி எழுதணும். அடியோட எடுத்துடுவியா? இந்தக் குடும்பத்துல என்னைச் சேத்துக்க அவ்வளவு கசக்குதா உனக்கு?"

பல்லக்கா காபி போட எழுந்து போனாள்.

ஆனால் உண்மையான கூத்து அதற்கப்புறம்தான். வெளியூர்களில் நாவலைப் படித்தவர்கள் இரண்டு பேர், மூன்று பேராகக் கோட்டை மேட்டுக்கு வரத் தொடங்கினார்கள். திட்டிவாசல் எங்கே என்று கேட்டார்கள். சங்கத் தலைவர் கடையிலும் கேட்டார்கள். கேட்டு வருகிறவர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லையென்றால் ஊருக்கு மரியாதையா? மேற்குச் சுவரில் மழைநீர் போகிற ஓட்டையைச் சுற்றிச் செடிகளை வெட்டி, இரும்புக் கம்பி நட்டு, பெரிய பலகை ஒன்றும் வைத்துவிட்டார்கள். "தவித்த மக்களின் தாகம் தீர்க்கத் தன்னுயிர் ஈந்த வீரப்பெண் தண்ணீர்க்காரி வெளியேறிய திட்டிவாசல்."

விஷயம் கேள்விப்பட்டதும் பல்லக்கா வேலையை அப்படியே போட்டுவிட்டு சோபா கடைக்குப் போனாள்.

"அது மழைத்தண்ணி போற ஓட்டைங்க. திட்டிவாசல் நான் கற்பனை பண்ணினது."

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். "நீங்க நாவல் எழுதறவங்க. வரலாறு வேற விஷயம்."

"அந்தத் தண்ணீர்க்காரியே நான் உண்டாக்கினவதாங்க!"

"அப்படிச் சொல்லாதீங்க. ஊரே அவங்கள மதிக்குது."

"காட்டிக்கொடுத்தவள்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அப்போ" என்றார் தலைவர். கடைக்கு யாரோ கட்டில் பார்க்க வர, எழுந்து போய்விட்டார்.

சோற்றில் உப்பு போட்டோமா இல்லையா என்பதுகூட நினைவில்லாமல் பல்லக்கா சில வாரம் திரிந்தாள். பலகையில் "நாவலில் வரும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. இடம் இல்லை என்று பதில் வந்தது. புத்தகத்தில் இருப்பது பொய்யா என்று வீட்டுக்காரரே ஒருநாள் கேட்டார். பொய் இல்லை, கதை என்றாள். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியாததில் இன்னும் எரிச்சல் வந்தது.

அந்த நேரத்தில் தலைவர் பல் செட் தளர்ந்துபோய்ப் புது அச்சு எடுக்க வந்தார். டாக்டர் முன்னறையில் பல் பிடுங்கிக்கொண்டிருந்ததால், அச்சு எடுக்கும் வேலையைப் பல்லக்காவிடமே விட்டார். பசைபோல் குழைத்த மாவைத் தட்டில் நிரப்பி, தலைவர் வாயில் வைத்து அழுத்தி, விரலால் பிடித்துக்கொண்டாள். அது இறுகும்வரை அசையவும் கூடாது, பேசவும் முடியாது.

"இப்போ நான் சொல்றத முழுசா கேளுங்க" என்றாள். "அப்படி ஒருத்தி இருந்தாளான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாதுங்கறதாலதான் எழுதினேன். நீங்க பலகை வெச்சு, தெரியும்னு சொல்றீங்க. நாளைக்கு நிஜமாவே கதவத் தொறந்தது யாருன்னு ஒருத்தர் தேடி வந்தா, உங்க பலகையப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவாரு. நிஜத்துல தொறந்தவங்க மறுபடியும் காணாமப் போயிடுவாங்க. அதுக்கு நானும் காரணம் ஆயிடுவேன். புரியுதா?"

தலைவர் கண்ணை அகல விரித்து "ம்ம்" என்றார். மூச்சு விட முடியாமல் சொன்னாரா, புரிந்து சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டை வெளியே எடுத்ததும், வாயைக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டு, "சோறு மெல்ல எப்போ ஆகும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஆனாலும் கொஞ்ச நாளில் பலகையின் அடியில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தால் தெரியும் அளவில், "நாவலில் வருவது" என்று. பல்லக்கா ஒரு மாலையில் போய்ப் பார்த்தாள். எழுத்து சின்னதுதான், கம்பி மறைத்தது. இருந்தாலும் பொய்யில்லை. அதுவரை மார்பில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

ஒரு குடும்பம் அங்கே நின்றிருந்தது. அந்த அம்மாள் கையில் நாவல். இவள்தான் எழுதியவள் என்று அவளுக்குத் தெரியாது. ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி, பக்கத்தில் நின்ற பல்லக்காவிடமே கேட்டாள்.

"நீங்க இந்த ஊருங்களா? இதப் படிச்சிருக்கீங்களா? எனக்கு ஒண்ணு புரியல. தண்ணீர்க்காரி வெளிய போயிட்டு, திரும்பி வரவரைக்கும் உள்பக்கம் தாழ் போட யாராவது நிக்கணும்ல? தொறந்து போட்டுட்டா போவா? அவ்வளவு விவரம் இல்லாதவளா அவ?"

மிளகாயையும் நிமிஷத்தையும் கண்ணாடியையும் துருவிய ஹிஸ்டரி சார் கண்ணிலும் இது படவில்லை, பல்லக்கா கண்ணிலும் படவில்லை. புத்தகம் அச்சாகி, விற்று, பலகையும் ஏறியாயிற்று.

"தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேட்டிலிருந்து இறங்கினாள்.

வீட்டு வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் என்ன? பலகையில எழுதிட்டாங்கல்ல?" என்றார்.

"கதவுக்கு உள்பக்கம் இன்னொருத்தி நின்னிருக்கா. நான் திரும்பியே பாக்கல."

"எந்தக் கதவு?"

செருப்பை ஒரு மூலையில் உதறிவிட்டு அவள் உள்ளே போனாள்.